சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கினால் கள்ளச் சூது ஒழியுமா?

கேள்வி சுருக்கமாக இது: பெங்களூர் ஸ்ரீராமபுரம் பக்கம் ஒரு தெருவில் 'ரிக்ரியேஷன் கிளப்' என்று போர்டு மாட்டிச் சீட்டாட்டம் நடக்கிறது. குடியிருப்போர் மனு கொடுக்க நினைக்கிறார்கள். கூட்டத்தில் இன்னொரு தரப்பு, "தடை போட்டு எது நின்றது? சட்டபூர்வமாக்கி வரி போட்டால் கள்ளச் சூது தானாக ஒழியும், அரசுக்கும் வருமானம்" என்கிறது. எது சரி? மனு கொடுத்தால் நிற்குமா?

மனு கொடுங்கள். ஆனால் அதில் தருமர் நாட்டைத் தோற்ற கதையை எழுதாதீர்கள். சூது கெட்டது என்பதில் இன்ஸ்பெக்டருக்கோ நீதிபதிக்கோ மாற்றுக் கருத்து இருக்காது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் எதுவும் செய்யவும் முடியாது. மேசையில் விழும் பணத்திலிருந்து யார், எந்தக் கணக்கில், எவ்வளவு எடுக்கிறார் என்பதுதான் சட்டம் பிடிக்கக்கூடிய இடம். சட்டபூர்வமாக்கலாமா என்ற வாதத்தையும் அதே இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பந்தயமும் சூதாட்டமும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-ஆம் இனத்தில் வருகின்றன. கோவாவில் கேசினோ இருப்பதும் கர்நாடகத்தில் இல்லாததும் அதனால்தான். இங்கே நடப்பில் உள்ளது 1963-ஆம் ஆண்டின் கர்நாடக போலீஸ் சட்டம். மட்கா (எண்ணின் மேல் பணம் கட்டும் சூது), பந்தயம் எழுதுவதற்கு 78-ஆம் பிரிவு, சூதாட்ட விடுதி நடத்துவதற்கு 79, அங்கே உட்கார்ந்து ஆடுவதற்கு 80, தெருவில் ஆடுவதற்கு 87. இவற்றில் 79, 80 இரண்டுக்கும் விலக்குத் தருவது 176: திறமையால் மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு அந்த இரண்டு பிரிவுகளும் பொருந்தா. எல்லாக் கிளப்பும் நுழைந்துகொள்வது இந்த வாசல் வழியாகத்தான்.

ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூன்று சீட்டு அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1968-இல், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் சொன்னது. கிளப்காரர்கள் இந்த வரியை மட்டும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அதே தீர்ப்பின் மறுபாதியை யாரும் மாட்டுவதில்லை: ஆட்டம் ரம்மியே ஆனாலும், பந்தயப் பணத்திலிருந்து இடத்துக்காரர் லாபமோ ஆதாயமோ எடுத்தால் அது குற்றமாகலாம். சீட்டுக்கட்டு, விளக்கு, காபி, நாற்காலி ஆகியவற்றுக்கு ஒரு சேவைக் கட்டணம் வாங்கலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பானையில் கைவிட்டு ஒரு பங்கு எடுக்கக் கூடாது. உங்கள் தெருவில் நடப்பது எது என்பதில்தான் வழக்கே இருக்கிறது. ரம்மி என்ற பெயரில் 'அந்தர் பாஹர்', அதாவது நம் ஆட்கள் சொல்லும் உள்ளே-வெளியே ஓடினால் திறமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

திறமை ஆட்டம் என்றால் ஆபத்தில்லை என்பது ஒரு மயக்கம். கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். இரண்டு பேர் தலா 100 ரூபாய் வைக்கிறார்கள், நடத்துபவர் 200-இல் 10 சதவீதம் எடுக்கிறார் என்று வையுங்கள். ஜெயித்தவருக்குக் கையில் வருவது 180, அதாவது லாபம் 80. தோற்றவருக்கு நஷ்டம் 100. முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். இருவரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றால் ஆளுக்கு ஆட்டத்துக்கு 10 ரூபாய் கசியும். போனில் மூன்று நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்கு 20 ஆட்டம். 100 ரூபாய் மேசையில் ஒரு மணி நேரம் சமமாக விளையாடி எழுந்தால் ஆளுக்கு 200 ரூபாய் காணாமல் போயிருக்கும். நேரில் சீட்டைக் குலுக்கி, பிரித்து, கணக்கெழுதி ஆடும்போது அதே ஒரு மணியில் நாலைந்து ஆட்டம் முடிந்தாலே அதிகம். கேடு ஆட்டத்தின் பெயரில் இல்லை. எடுக்கும் பங்கிலும் வேகத்திலும் இருக்கிறது. நம் நீதிமன்றங்கள் அறுபது ஆண்டுகளாகத் 'திறமையா, அதிர்ஷ்டமா' என்று தராசு பிடித்துக்கொண்டிருப்பதில் இந்த இரண்டும் நிறுக்கப்படவே இல்லை என்பது என் எண்ணம்.

மட்காவின் கணக்கு இன்னும் எளிது. கர்நாடகத்தில் இதற்கு 'ஓசி' என்றும் பெயர், ஓப்பன்–குளோஸ் என்பதன் சுருக்கம். ஒற்றை எண்ணுக்கு வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது, இரண்டு எண் சேர்ந்த ஜோடிக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு. பத்தில் ஒரு வாய்ப்புக்கு ஒன்பது, நூறில் ஒரு வாய்ப்புக்குத் தொண்ணூறு. இரண்டிலும் நூற்றுக்குப் பத்து மேலே போகிறது. அதுவும் எண் நேர்மையாக விழுந்தால். எந்த எண்ணில் பணம் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவரே எண்ணை அறிவித்தால் பத்து சதவீதம் என்பதற்கு அர்த்தமே இல்லை.

இனி கிளப்புக்கு வருவோம். இப்படிப்பட்ட கிளப்கள் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது வழக்கம். ஆர்டர் கையில் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதுமே குடியிருப்போர் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்காதீர்கள், அந்த ஆர்டரைப் படியுங்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் இவ்வகை மனுக்களில் கிட்டத்தட்ட ஒரே அச்சில் நிபந்தனைகள் போட்டு வந்திருக்கிறது: உள்ளே வரும் வழியிலும் ஆடும் அறைகளிலும் சிசிடிவி, முந்தைய 15 நாள் பதிவைப் போலீஸ் கேட்டால் தர வேண்டும், உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை, உறுப்பினர் அல்லாதவரும் விருந்தினரும் ஆடக் கூடாது, சட்டவிரோத ஆட்டமோ அக்கம்பக்கத்துக்குத் தொல்லையோ கூடாது, போலீஸ் அவ்வப்போது வந்து பார்க்கலாம். கிளப்புக்குக் கேடயமாக வாங்கிய ஆர்டரில் உங்கள் கைக்கான கருவிகள்தான் அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு வெளியூர் வண்டிகள் வரிசையாக நின்றால், அவர்களெல்லாம் உறுப்பினர்களா என்று கேட்க அந்த நிபந்தனையே போதும்.

கிளப் பெரும்பாலும் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கும். மாவட்டப் பதிவாளரிடம் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்து, சங்க விதிகள், நிர்வாகிகள் பட்டியல், கடைசி மூன்று ஆண்டின் தணிக்கைக் கணக்கு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பம் ஒரே பொருள் பற்றியும் 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. சங்கக் கணக்கையும் மாநகராட்சி உரிமத்தையும் போலீஸ் சோதனை விவரத்தையும் ஒரே தாளில் கேட்டுத்தான் பாதி விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. மூன்று அலுவலகத்துக்கு மூன்று தாள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கணக்கு கைக்கு வந்ததும் ஒரே வரியைத் தேடுங்கள்: சந்தாவும் சேவைக் கட்டணமும் சேர்ந்து அந்த இடத்தின் வாடகைக்காவது வருகிறதா? உறுப்பினர் எண்ணிக்கையைச் சந்தாவால் பெருக்கி, வாடகை, சம்பளம், மின்கட்டணத்தைக் கழித்தால் பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தை எது நிரப்புகிறது என்று மனுவில் கேளுங்கள். 'சீரழிவு' என்று பத்து முறை எழுதுவதைவிட இந்த ஒரு கேள்வி வலிக்கும்.

போலீஸ் வழக்கில் எங்கே ஓட்டை விழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மட்காவுக்கான 78-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு போன்றவை, நீதிபதி அனுமதி இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 155(2), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174. நடைமுறையில் என்ன நடக்கிறது? ரகசியத் தகவல் வந்தது என்று முதலில் பாய்ந்து பிடித்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்பார்கள். அல்லது நீதிபதி காகித ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரே சொல்லை எழுதிவிடுவார். இரண்டையும் உயர் நீதிமன்றம் ஏற்பதில்லை. மனதைச் செலுத்திப் பார்த்துக் காரணத்தோடு உத்தரவிட வேண்டும் என்று சொல்லி எத்தனையோ வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. செய்தித்தாளில் 'இத்தனை பேர் கைது' என்று வந்த பிறகு ஆறு மாதத்தில் மட்கா எழுதும் அதே ரன்னர் அதே டீக்கடை வாசலில் நிற்பதற்கு லஞ்சம் மட்டும் காரணமில்லை; இந்தக் காகிதமும் காரணம்.

ஆகவே நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகையும் பதிவு எண்ணும் வாங்குங்கள். "174-இன் கீழ் நீதிபதியின் அனுமதி பெற்று நடவடிக்கை எடுக்கக் கோருகிறோம்" என்ற வாக்கியத்தைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் நடைமுறைத் தவறு நேராமல் இருக்க அது ஒரு காப்பு. பலர் கூட்டாக நடத்துவது தெரிந்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவையும் குறிப்பிடுங்கள். சிறு அளவிலான அமைப்புசார் குற்றம் என்ற தலைப்பில், கும்பலாகச் செய்யும் அனுமதியற்ற பந்தயமும் சூதாட்டமும் அதில் வருகின்றன. தண்டனை ஓராண்டு முதல் ஏழாண்டு வரை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். கும்பல் என்று காட்ட ஆதாரம் வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம். நிலையத்தில் அசையவில்லை என்றால் நகல்களோடு துணை கமிஷனரான டிசிபியின் அலுவலகம், அதற்கு மேல் மத்தியக் குற்றப்பிரிவான சிசிபி.

ஆதாரம் சேர்க்கிறேன் என்று உள்ளே நுழைந்து வீடியோ எடுக்க வேண்டாம். பொது ரோட்டிலிருந்து தெரிவதை மட்டும் தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு ஷட்டர் பாதி இறங்குகிறது, எத்தனை வண்டி, எப்போது சண்டை, போலீஸ் அவசர எண்ணான 112-க்கு எப்போது கூப்பிட்டீர்கள். ஆடப் போகும் அண்டை வீட்டாரின் பெயரை மனுவில் எழுதவே எழுதாதீர்கள். மானநஷ்ட வழக்குக்கு வழி திறப்பதோடு, உங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டிய அவர்களுடைய மனைவிமாரையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பெண்கள் கையெழுத்து அதிகம் உள்ள மனுதான் பிழைக்கும். இன்னொன்று, யுகாதி, தீபாவளி சமயத்தில் இஸ்பீட், அதாவது சீட்டு ஆடுவது இங்கே பலருக்குச் சடங்கு மாதிரி. அந்த வாரத்தில் மனு கொடுத்தால் எல்லாரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போனில் நடப்பதற்கு வேறு பாதை. தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த தடையை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகம் அதே ஆண்டு அக்டோபரில் கொண்டுவந்த திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை 2022 பிப்ரவரி 14 அன்று இங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டிலும் சறுக்கிய இடம் ஒன்றே: திறமை ஆட்டத்தையும் அதிர்ஷ்ட ஆட்டத்தையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம்; விளம்பரத்துக்கு இரண்டாண்டு, 50 லட்சம்; ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. பெங்களூர் உட்பட மூன்று உயர் நீதிமன்றங்களில் போடப்பட்ட எதிர் மனுக்களைச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. உங்கள் தெருக் கிளப்புக்கும் குதிரைப் பந்தய மைதானத்துக்கும் இந்தச் சட்டத்தில் சம்பந்தமில்லை என்பதை நினைவில் வையுங்கள். பலர் மனுவில் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பெரிய ஆப்கள் மூடியபின் மிஞ்சியிருப்பவை வெளிநாட்டிலிருந்து ஓடும் தளங்களும், வாட்ஸ்அப், டெலிகிராமில் அந்தத் தளங்களில் ஆடுவதற்கான கணக்கை 'ஐடி' என்று விற்பவர்களும். அடையாளம் எளிது: பணம் கட்டும்போது கம்பெனி பெயர் வராது, யாரோ ஒரு தனியாள் பெயர் வரும், நாளைக்கு அந்த யுபிஐ முகவரி மாறியிருக்கும். அந்தத் தனியாள் பெரும்பாலும் மாதம் சில ஆயிரத்துக்குத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரிப் பையன். வழக்கு வரும்போது முதலில் முடங்குவது அவன் கணக்கு, முதலில் அழைக்கப்படுவதும் அவன்தான். எஜிபுரா, விவேக்நகர் பக்கம் சங்கம் நடத்துபவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு இதைப் பேச வேண்டும். ஏமாந்தவர்கள் உடனே 1930-க்கு அழைத்து, பணம் போனவர் பெயர், 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அரட்டைத் திரையின் படம் ஆகியவற்றைத் தர வேண்டும். வெட்கப்பட்டு இரண்டு நாள் தள்ளினால் பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

சட்டபூர்வமாக்கச் சொல்பவர்களின் வாதம் முட்டாள்தனமானது அல்ல. கிரிக்கெட்டில் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2016-இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையத்தின் 276-ஆவது அறிக்கை 2018 ஜூலையில் வந்தபோது, ஆணையமே சட்டபூர்வமாக்கச் சொல்லிவிட்டது என்று செய்திகள் வர, ஆணையம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அது சொன்னது வேறு: இன்றைய நிலையில் அனுமதிப்பது விரும்பத்தக்கதல்ல, முழுதாகத் தடுக்க முடியாவிட்டால் ஒழுங்குபடுத்துவதே வழி. அந்த ஒழுங்கு எப்படி என்றும் எழுதியது: பான், ஆதார் இணைப்பு, ரொக்கம் கூடாது, ஆளுக்கு இத்தனை பரிவர்த்தனை என்ற வரம்பு, அரசு மானியம் வாங்குவோருக்கு அனுமதியில்லை. உங்கள் கூட்டத்தில் இந்த அறிக்கையை யாராவது எடுத்தால் நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

"வரி போட்டால் கள்ளச் சூது ஒழியும்" என்ற பகுதிதான் நிற்காது. அதற்குப் பெங்களூரே சாட்சி. குதிரைப் பந்தயம் இங்கே ஒரு நூற்றாண்டாகச் சட்டபூர்வம். அது திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல், தமிழ்நாட்டின் 1974 தடைச் சட்டம் பற்றிய வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் சிசிபி, வரி ஏய்ப்புப் புகாரின் பேரில் மைதானத்துக்குள்ளேயே பந்தயம் எழுதும் புக்கிகளின் கவுண்டர்களில் சோதனை போட்டது. கள்ளப் பந்தயம் ஒழியாததற்குக் காரணம் எளிய கூட்டல் கழித்தல். 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுவும் பந்தயத் தொகை முழுவதன் மேல். நீங்கள் கொடுக்கும் 100 ரூபாயில் வரியையும் சேர்த்துக்கொண்டால், பந்தயத்தில் நிற்பது 71 ரூபாய் சொச்சம். ஜெயித்தாலோ வருமான வரி 30 சதவீதம். கள்ள புக்கியிடம் 100 ரூபாயும் பந்தயத்தில் நிற்கும், கடனுக்கும் எழுதிக்கொள்வார். ஆட்டக்காரர் எங்கே போவார்? வரியைக் குறைத்தால் கள்ளச் சந்தை சுருங்கும், ஆனால் அரசுக்கு வருமானம் என்ற வாதம் செத்துவிடும். ஏற்றினால் வருமான வாதம் பிழைக்கும், கள்ளச் சந்தை கொழுக்கும். இரண்டையும் ஒரே மேடையில் வாக்குக் கொடுப்பவரிடம் என்ன வரி விகிதம் என்று கேளுங்கள்.

தடையும் முழு மருந்தல்ல. கர்நாடகம் 2007 ஏப்ரலில் லாட்டரியை நிறுத்தியது. அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்க வேண்டுமானால் தன் லாட்டரியையும் விட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லியிருந்ததால், அரசு தன் வருமானத்தையும் சேர்த்துத்தான் துறந்தது. கடைக்குக் கடை தொங்கிய சீட்டுகள் மறைந்தன. கூலி வாங்கிய கையோடு வழியில் நிற்பது பெருமளவு குறைந்தது. மறைவாக விற்பது முற்றிலும் நிற்கவில்லை. ஆனாலும் தேடிப் போய் வாங்குவதற்கும் கண்முன் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. தடையின் பலன் இவ்வளவுதான், இதுவே கணிசம் என்பேன். கேசினோவை அனுமதித்த இடங்கள்கூட உள்ளூர்க்காரரை நம்பி விடவில்லை: கோவா 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் ஆட நுழைவதைத் தடுத்தது, சிங்கப்பூர் தன் குடிமக்களிடம் நாளுக்கு 150 சிங்கப்பூர் டாலர் நுழைவு வரி வாங்குகிறது. மேகாலயம் 2021-இல் கொண்டுவந்த கேசினோ சட்டத்தை மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டே கைவிட்டது.

அனுமதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எதிர்ப்பவர்கள் கேட்க வேண்டியவை: நடத்துபவரின் பங்குக்கு உச்சவரம்பு, ஒரு மணிக்கு இத்தனை ஆட்டம் என்ற வேகக் கட்டுப்பாடு, மாத வைப்புக்கு வரம்பு, கடனில் ஆடத் தடை, இரவு அடைப்பு. தமிழ்நாடு இணைய ரம்மிக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை அடைப்பும் ஆதார் சரிபார்ப்பும் விதித்தபோது சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவற்றை ஏற்றுக்கொண்டது. முழுத் தடை கோர்ட்டில் இரண்டு முறை உடைந்த அதே மாநிலத்தில் இந்த நிபந்தனைகள் நின்றன.

ஏற்கெனவே கடனில் விழுந்த வீடுகளுக்கு: பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. ஆனால் ஆடுவதற்காக மூன்றாவது ஆளிடம் வாங்கிய கைமாற்று அப்படித் தானாகச் செல்லாமல் போகாது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள். ஆட்டத்தை விட முடியாதவருக்கு அரசின் மனநல உதவி எண் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நேரில் என்றால் பெங்களூர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் 2014-இல் தொடங்கிய 'ஷட்' கிளினிக் போன், இணைய அடிமைத்தனத்தைப் பார்க்கிறது. முதல் நாள் போகும்போது மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் போங்கள். வாயால் சொல்லும் தொகை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.